பழைய வண்டியை என் செய்வது?

மாந்தர் வாழ்வில் எழும் வினாக்கள் யாவும் பெரியனவாய் இருத்தல் வேண்டும் என்பதில்லை. சிறு வினா ஒன்றைச் செவ்வையாக ஆராய்ந்து விடைகாணப் பழகியவனே பெரு வினாக்கள் வந்துற்ற காலத்துத் தடுமாறாது நிற்பான். அத்தகைய சிறு வினா ஒன்று அண்மையில் எங்கள் இல்லத்தில் எழுந்தது. பழுதுற்ற பழைய மிதிவண்டியை நீக்கிப் புதியது வாங்குவதா, அன்றி அதனையே செப்பஞ்செய்து ஓட்டுவதா என்பதே அது. மாணாக்கர் பலருடைய இல்லங்களிலும் இவ்வினா எழுந்திருக்கும். எழாவிடின் இனி எழும். செய்யுள் நயம் பேச வேண்டிய தமிழ் மாணவன் செயினையும் பிரேக்கையும் பற்றிப் பேசப் புகுந்தமையை அன்பர்கள் பொறுத்தருள்க.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் இல்லத்துத் திண்ணையோரம் நிற்கும் அவ்வண்டியை, மிஷன் பள்ளியில் ஆசிரியராயிருந்த என் பாட்டனார் 1974-ஆம் ஆண்டில் வாங்கினார். இருபத்தெட்டு அங்குலச் சக்கரம், கம்பி பிரேக்கு, மூட்டை தாங்கும் கேரியர், நடுவே குறுக்குப் பார் ஆகியன உடைய கறுப்பு வண்டி அது. அந்நாளில் மிதிவண்டிக்கு வரி செலுத்தியோர்க்கு அளிக்கப்பட்ட தகர வில்லை ஒன்றைப் பாட்டியார் இன்றும் பெட்டியில் வைத்துக் காத்து வருகின்றார். பாட்டனார்க்குப் பின் அவ்வண்டி தந்தையாரைச் சுமந்தது. இப்பொழுது காலைதோறும் என்னைத் தொடர்வண்டி நிலையத்திற் சேர்த்து, மாலை வரையில் ஆங்கே காத்து நிற்கின்றது.

சென்ற ஐப்பசித் திங்களில் ஒருநாள் மாலை, நன்மழையில் யான் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். வரதராசப் பெருமாள் கோயிலை அடுத்த தெருத் திருப்பத்தில் பூக்கூடை ஏந்திய மூதாட்டியார் ஒருவர் குறுக்கே வந்தார். பிரேக்கை இறுகப் பிடித்தேன். வண்டி நில்லாது வழுக்கிச் சென்று கூடையை இடித்தது. துளசியும் சாமந்தியும் சேற்றில் சிதறின. “எனக்கொன்றும் இல்லை, தம்பி; வண்டியை முதலிற் கவனி” என்று கூறி அவ்வம்மையார் பூக்களைப் பொறுக்கத் தொடங்கினார். பிரேக்குக் கட்டைகள் தேய்ந்திருந்தமை இரு திங்களாகவே யான் அறிந்தது. குற்றம் வண்டியினுடையதன்று, என்னுடையது. பூவின் விலையைக் கொடுத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு சேர்ந்தேன்.

அன்றிரவு உணவு வேளையில் வீட்டார் மூன்று கட்சியாயினர். “ஐம்பது ஆண்டு உழைத்த வண்டிக்கு ஓய்வு கொடுப்போம், தவணையில் ஒரு மோட்டார் சைக்கிள் எடுத்தால் உனக்கும் எனக்கும் பயன்படும்” என்றார் தந்தையார். “வண்டியை விற்க வேண்டா, கியரும் புதிய பிரேக்கும் வைத்து நவீன வண்டியாக்கி விடலாம்” என்றான் வந்திருந்த நண்பன். “பழுதானதை மட்டும் மாற்றி ஓட்டு” என்றார் அன்னையார். யான் வாய்திறவாமல் தந்தையார் பக்கம் சாய்ந்தேன். அதற்குரிய காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

முதற்கண், பழமை என்பது மிதிவண்டிக்கு ஒரு குற்றமா என்பதனை ஆராய்தல் வேண்டும். ஒரு பொருள் இருவகையாற் பழையதாகும். தன் உறுப்புகள் தேய்வதனால் ஆவது ஒன்று. அதனினும் சிறந்த பிறிதொன்று தோன்றிவிடுவதனால் ஆவது மற்றொன்று. பத்தாண்டுக்கு முற்பட்ட கைப்பேசி இரண்டாம் வகையாற் பழையது. அதனைச் செப்பஞ்செய்தும் பெரும்பயன் இல்லை. மிதிவண்டியின் நிலை அவ்வாறன்று. ஜெர்மனியில் கார்ல் வான் டிரைஸ் என்பார் 1817-இல் காலால் நிலத்தை உந்திச் செல்லும் இருசக்கர வண்டியைச் செய்தார். 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பார் ஏறத்தாழ ஒத்த அளவினவாகிய இரு சக்கரங்களும், பின்சக்கரத்தைச் செயினால் இயக்கும் அமைப்பும் உடைய ‘ரோவர்’ வண்டியை வெளியிட்டார். 1888-இல் டன்லப் என்பார் காற்றடைத்த டயரை அமைத்தார். இம்மூன்றும் கூடியபொழுதே மிதிவண்டியின் வடிவம் பெரும்பாலும் நிறைவெய்திவிட்டது. பிற்காலத்து வந்தவை எடைக் குறைவும், கியரும், பிரேக்கின் திருத்தமுமேயன்றி வேறோர் ஊர்தி அன்று. 1949-இல் ஆங்கிலேயக் கூட்டுறவோடு நிறுவப்பெற்று அம்பத்தூரில் ஆலை அமைத்த டி. ஐ. சைக்கிள் நிறுவனம் முதலாயின இந்நாட்டு மக்களுக்கு வழங்கிய கறுப்பு வண்டியின் இனம் இன்றும் கடைகளில் விற்கப்படுகின்றது. ஆகவே எங்கள் வண்டி இரண்டாம் வகையாற் பழையதன்று. முதல் வகையாற் பழையதா என்பதே எஞ்சிய வினா.

அதனை அறிதற்பொருட்டு மறுநாள் எங்கள் தெருமுனையிலுள்ள சைக்கிள் கடைப் பெரியவரிடம் வண்டியைக் கொண்டுசென்றேன். அவர் பிரேக்கைப் பார்க்கவில்லை, டயரைப் பார்க்கவில்லை. முதலில் வண்டியின் உடற்சட்டத்தை எண்ணெய்த் துணியால் துடைத்தார். ஹேண்டில் கழுத்தும், பெடல் அச்சுக் கூடும், முன்கவையின் தலையும் ஆகிய மூன்று மூட்டுகளிலும் வண்ணப்பூச்சில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டா என்று நோக்கினார். பின்னர் ஒரு நூலை எடுத்துக் கழுத்திலிருந்து பின்சக்கரம் பொருந்தும் இரு முனைகளுக்கும் இழுத்துக் கட்டி, சீட்டைத் தாங்கும் குழாயினின்று இருபுறத்து நூலும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்று அளந்தார். இரண்டும் ஒத்திருந்தன. “சட்டம் நேராக இருக்கிறது, வெடிப்பில்லை. மற்றவை எல்லாம் தேய்வதற்கென்றே செய்தவை” என்றார். அவ்வொரு சொல்லில் என் வினாவின் பாதி தீர்ந்தது.

வண்டியில் நிலைக்க வேண்டிய உறுப்பும் உண்டு. தேய வேண்டிய உறுப்பும் உண்டு. டயர், டியூப், பிரேக்குக் கட்டை, செயின், பால்ஸ், காட்டர் பின் ஆகியன தம்மைத் தேய்த்துக்கொண்டு சட்டத்தைக் காப்பன. அவை தேய்ந்தமை கொண்டு வண்டி கெட்டது என்பது, விளக்கில் எண்ணெய் வற்றியமை கண்டு குத்துவிளக்கை விற்பதனை ஒக்கும். செயினின் தேய்வை அளக்கும் வழியையும் பெரியவர் காட்டினார். புதிய செயினில் இருபத்துநான்கு கண்ணிகள் மிகச் சரியாக 12 அங்குலம் கொள்ளும். அந்நீளம் ஓரங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு மிகுந்தால் செயினை மாற்றுதல் வேண்டும். எட்டில் ஒரு பங்கு மிகுந்தால் அச்செயின் பற்சக்கரத்தின் பற்களையும் தின்றிருக்கும். எங்களது எட்டில் ஒரு பங்கினையும் கடந்திருந்தது. முன்பற்சக்கரம் பிழைத்தது, பின்னுள்ள ஃப்ரீவீல் தேய்ந்திருந்தது. முன்னரே செயினை மட்டும் மாற்றியிருந்தால் ஃப்ரீவீலின் செலவு மிஞ்சியிருக்கும். சோம்பலுக்கு நாம் செலுத்தும் வட்டி இதுவே.

நிற்க. நண்பன் கூறிய நடுவழியை, அஃதாவது பழைய சட்டத்திற் புதிய உறுப்புகளை ஏற்றி நவீன வண்டியாக்குதலைச் சிறிது ஆராய்வோம். கேட்பதற்கு இனிய அவ்வழி மிக்க செலவுடையது என்பது என் துணிபு. கம்பி பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தை, அச்சினை நோக்கிய பக்கத்தைப் பற்றுவன. கேபிள் பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் இரு விலாப்புறங்களைப் பற்றுவன. ஆகவே பிரேக்கை மாற்றினால் ரிம்மை மாற்ற வேண்டும். ரிம்மை மாற்றினால் ஸ்போக்கு மாறும். அளவு வேறுபடின் டயரும் மாறும். கியர் வைக்கப் புகின் பின்சக்கரத்தின் அச்சு அகலமாதலின், பின்கவையின் கால்களை விரித்தாலன்றிச் சக்கரம் பொருந்தாது. இவ்வாறு ஒன்று ஒன்றனை இழுத்து, இறுதியில் பழைய வண்டியில் எஞ்சுவது சட்டம் ஒன்றே. அதற்குச் செல்லும் பொருளில் நல்ல புதிய வண்டியையே வாங்கிவிடலாம். பழைய ஆடையில் கோடித் துணியை ஒட்டுப்போட்டால் கிழிசல் பெரிதாகும் என்று நம் ஆண்டவர் அருளிய உவமையை இளமை முதல் கேட்டிருந்தேன். அதன் பொருள் எனக்கு விளங்கியது சைக்கிள் கடையில்தான்.

ஆயினும், பழையதில் புதியது எதுவுமே சேர்த்தலாகாது என்பது என் கருத்தன்று. எங்கள் தெருவில் தறி நெய்யும் அண்டை வீட்டுப் பெரியப்பா ஒருவர் உளர். உறவினர் அல்லரேனும் அவ்வாறே அழைத்து வளர்ந்தேன். இவ்வழக்கை அவரிடம் கூறியபொழுது அவர் நகைத்துத் தம் குழித்தறியைச் சுட்டிக் காட்டினார். பாவு நெய்து முடிந்தால் நெசவாளர் தறியைக் கலைப்பதில்லை. அச்சிலும் விழுதிலும் நிற்கும் பழைய பாவின் நுனிகளோடு புதிய பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்து மேலே நெய்வர். அஃது செப்பஞ்செய்தல். காஞ்சியிற் பண்டு கரையும் முந்தியும் ‘அடை’ என்னும் நூற்கட்டு முறையாலேயே உருவம் பெற்றன; உதவிக்கு ஒருவர் இருந்து அந்நூல்களைத் தூக்குவர். சென்ற நூற்றாண்டில் ஜக்கார்டுப் பெட்டி வந்தது. நெசவாளர் குழியைத் தூர்க்கவில்லை. தறியின் மேலே பெட்டியை ஏற்றி மிதியோடு இணைத்தனர். பழைய தறி அதனைத் தாங்கியது. சேலையும் காஞ்சிச் சேலையாகவே நின்றது. ஆகவே, பழையதன் உடல் எதனைத் தாங்குமோ, அதன் தொழிலுக்கு எது துணையாகுமோ, அதனை மட்டும் சேர்ப்பதே முறையான திருத்தம் என்பது புலனாகின்றது.

இவ்வளவையால் நோக்கின் எங்கள் வண்டிக்கும் ஒரு திருத்தம் பொருந்துவதாயிற்று. அதன் முன்பற்சக்கரத்திற்கு 44 பற்கள். தேய்ந்த ஃப்ரீவீலுக்கு 18 பற்கள். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் செல்லும். நூல்மூட்டையோ தண்ணீர்க்குடமோ ஏற்றினால், புறப்படும்பொழுது கால் நோகும். ஃப்ரீவீலை எவ்வாறும் மாற்ற வேண்டியிருந்தமையின், அதற்கு ஈடாக 20 பல்லுடையதனைப் பூட்டச் சொன்னேன். இப்பொழுது ஒரு சுற்றுக்கு ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே வண்டி செல்கின்றது. மிதிக்க வேண்டிய வலிமையோ பத்தில் ஒரு பங்கு குறைந்தது. கால் சில சுற்று மிகுதியாகச் சுழல்வது பொருட்டன்று. எம்மூர்ச் சாலை சமதரை. கியர் இல்லாமலே கியரின் பயனிற் சிறிது கிடைத்தது.

பிரேக்கைப் பற்றி மறைக்காது கூறுதல் கடமை. துருவேறிய முன்ரிம்மை நீக்கினோம். கட்டைகளையும் தேய்ந்த கம்பி முள்களையும் மாற்றினோம். எனினும் எஃகு ரிம் மழையில் நனைந்தால், புதியதாயினும் பிடிப்புக் குறையும். அலுமினியக் கலவை ரிம்மில் அக்குறை குறைவு. நெடுந்தொலைவு விரைந்து செல்ல வேண்டியவரும், மேடுபள்ளம் மிகுந்த ஊரினரும் இதன் பொருட்டே புதிய வண்டி வாங்கினும் யான் குறை கூறேன். என் வழி குறுகியது; மெல்லச் செல்வதால் எனக்கு இழப்பில்லை. ஆகவே மழைநாளில் முன்கூட்டியே பிரேக்கைத் தொட்டுத் தண்ணீரை வழித்து மெல்லச் செல்வதென்று விதி வகுத்துக்கொண்டேன். பழமையைப் போற்றுகின்றேன் என்ற பெயரால் பிறர் உயிர்க்கு ஊறு செய்ய எவர்க்கும் உரிமையில்லை. கெட்ட பிரேக்குடைய பழைய வண்டியைக் காட்டிலும் நல்ல பிரேக்குடைய எவ்வண்டியும் மேலானது.

இனி ஒரு தடை எழுப்பப்படலாம். “குறுக்குப் பார் உடைய ஆண்கள் வண்டியை உன் தங்கை எவ்வாறு ஓட்டுவாள்? ஒருவருக்கே உதவும் வண்டியைக் காப்பது சிக்கனமா?” என்பர். இவ்வினாவை எழுப்பியவள் என் தங்கையே. அதற்கு விடை புதுக்கோட்டையில் உளது. 1991-ஆம் ஆண்டில் அம்மாவட்டத்து அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலையும் சிற்றூர்ப் பெண்களுக்குப் பயிற்றியது. அதற்கு ஊக்கம் அளித்தவர் அந்நாள் ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் அம்மையார். பெண்கள் வண்டி போதிய அளவிற் கிடைக்கவில்லை. ஆகவே அவர்கள் ஆண்கள் வண்டியிலேயே ஏறினர். குழந்தையை அமர்த்துதற்குக் குறுக்குப் பார் இடந்தருகின்றது என்று அதனையே விரும்பியோரும் உளர் எனப் பத்திரிகையாளர் சாய்நாத் தம் நூலில் எழுதியுள்ளார். தடையென்று நாம் எண்ணிய பாரையே அவர்கள் ஆசனமாக்கினர். இதனைக் கேட்டபின், தங்கை என்னை வெல்லும் வேகத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அவ்வண்டியை ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

இப்பொழுது யான் தந்தையார் பக்கம் சாய்ந்த காரணத்தைக் கூறவேண்டும். நிலையத்து வண்டிக் கொட்டகையில் நூற்றுக்கணக்கான மோட்டார் சைக்கிள்களின் நடுவே அக்கறுப்பு வண்டியை நிறுத்துதற்கு நான் நாணினேன். உடன் வருவோர் கண்டு நகைப்பரோ என்று கடைசி மூலையில் நிறுத்தி விரைந்து வெளிப்படுவேன். எனவே பூக்கூடை சாய்ந்த அன்று என் உள்ளத்தின் ஒரு மூலையில், வண்டியை ஒழிக்க நல்லதொரு காரணம் கிடைத்தது என்னும் மகிழ்ச்சியும் இருந்தது. மூதாட்டியாரின் இழப்பை என் நாணத்துக்கு மறைப்பாக்க நினைத்தேன். எழுதவே கூசும் இதனை எழுதுதற்குக் காரணம், என் போன்றோர் வேறு சிலரும் இருக்கலாம் என்பதே. பிரேக்குக் கட்டையை இரு திங்கள் மாற்றாதிருந்தமைக்கும் அந்நாணமே காரணம். விற்கப்போகும் பொருளை யாரே பேணுவர்?

கணக்கையும் பார்த்தோம். செப்பஞ்செய்யக் கடைக்காரர் கேட்டது 2,600 ரூபாய். அதே இனத்துப் புதிய வண்டி 7,500 ரூபாய். மோட்டார் சைக்கிளுக்கோ மூன்றாண்டுத் தவணையும் அதன்மேல் எரிபொருட் செலவும். அம்மூன்றாண்டும் தங்கை கல்லூரியிற் சேரும் ஆண்டுகள். என் நாணத்திற்கு ஈடாக அவள் கல்விப் பணம் தவணையாய்ச் செல்வதனைத் தந்தையார் எண்ணவில்லை. மகன் மனம் நோகலாகாது என்பதொன்றே அவர் எண்ணினார். கோபுரம் கட்டப் புகுவோன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று வேதம் கூறும். யாங்கள் அன்று அமர்ந்து கணக்கிட்டோம். தவணைத் தாள் கையெழுத்திடப்படாமலே திரும்பிற்று.

பழையதனை என்றும் விடலாகாது என்பது முடிபா? அன்று. பழையது நீங்குவதும் புதியது புகுவதும் குற்றமாகாது என்று நன்னூலார் தம் நூலின் இறுதியில் விதித்தார். ஆயின் அதற்குக் காலத்தையே காரணமாக்கினார், ஆசையை அன்று. சட்டம் வெடித்தாலும், கோட்டம் எடுக்க இயலாதவாறு வளைந்தாலும், செப்பஞ்செய்யும் செலவு புதியதன் விலையை நெருங்கினாலும், வண்டி ஆற்ற வேண்டிய பணி மாறினாலும் காலம் வந்தது என்று அறிந்து கண்ணீரின்றி விடைகொடுத்தல் வேண்டும். வெடித்த சட்டத்தைப் பாசத்தாற் பற்றவைத்து ஓட்டுதல், நேரிய சட்டத்தை நாணத்தால் விற்பதனை ஒத்த பேதைமையே.

ஆதலின் அன்பர்களே, உங்கள் இல்லத்தில் இவ்வினா எழுமாயின் முதலில் நூலைக் கட்டிச் சட்டத்தை அளந்து பாருங்கள். பின்னர்ப் பிரேக்கைப் பாருங்கள். அது கெட்டிருந்தால் மறுநாளைக்கு ஒத்தி வையாதீர்கள். அதன்பின் வண்டியின் பணி யாதென்று எண்ணுங்கள்; கணக்கைப் பாருங்கள். இறுதியாக உங்கள் உள்ளத்தையும் பாருங்கள். பழுது வண்டியிலா, உள்ளத்திலா என்று தெளிந்தால் விடை தானே வரும்.

இப்பொழுது அவ்வண்டியைக் கொட்டகையின் முதல் வரிசையில் நிறுத்துகின்றேன். சென்ற கிழமை அப்பூக்கார அம்மையார் திருப்பத்தில் என்னைக் கண்டு கை காட்டினார். பிரேக்கைப் பிடித்தேன், வண்டி நின்றது.